பேலட் பலகையில் ஒரு கீரைப் பாத்தி

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் மண் வெறும் களி. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், வேர் அழுகிவிடும். அதனால்தான் பாத்தியைத் தரைக்கு மேலே உயர்த்தினேன். அளவு 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். 150 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் 200 கிலோவுக்கும் மேல் கனக்கும், ஆகவே வீட்டுத் தாழ்வாரத்துக்கு இது வேண்டாம். அங்கே 1.2 மீட்டர் வழியும் விட்டாக வேண்டும். தோட்டத்தில் வைப்பதானாலும் பொறுப்பாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம் தேடுதல்

பாதி வேலை இதுதான். கடைகளின் பின்புறம் கிடக்கும் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டை, கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தூக்க வேண்டாம். ஓரத்தில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையடித்தது, கீரைக்கு வேண்டாம். முத்திரையே இல்லை, எண்ணெய்க் கறை, பழைய பெயிண்ட், பச்சைச் சாயல், இவற்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். ரயில் தண்டவாளக் கட்டை கிடைத்தாலும் ஆசைப்படாதீர்கள், அதில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும்.

பிரித்தல்

கடப்பாரையால் நெம்பினால் பலகை பிளந்துவிடும். நான் இரண்டைப் பிளந்த பிறகு பக்கத்துப் பாத்திச் சீன அங்கிள் வந்து, "ஸ்லோலி லா" என்று சொல்லிவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து சுத்தியலால் தட்டிக் காட்டினார். பலகை சற்று எழும்பியதும் ஆணியின் தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். கையுறை, கனமான காலணி இரண்டும் அவசியம்.

ஒரு மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை ஒன்பது வேண்டும். மூன்றை நடுவில் அறுத்தால் குறுகிய பக்கங்களுக்கு ஆறு துண்டு கிடைக்கும். பேலட்டின் தடித்த சட்டத்தில் 30 சென்டிமீட்டர் அளவில் நான்கு மூலைக்கட்டை வெட்டுங்கள். உப்புத்தாள் போட்டுச் சிராய்களைத் தேய்த்துவிடுங்கள்.

பூட்டுதல்

முதலில் நீளப் பக்கங்கள். இரண்டு மூலைக்கட்டைகளைத் தரையில் கிடத்தி, மூன்று பலகையை அடுக்கித் திருகாணி போடுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. பிறகு இரண்டையும் நிமிர்த்தி, குறுகிய பக்கங்களை மாட்டுங்கள். டிரில்லால் சிறு துளை போட்டுவிட்டுத் திருகுங்கள், இல்லாவிட்டால் ஓரம் விரிசல் விடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கொஞ்சம் விலைதான், ஆனால் இந்த ஊர் ஈரத்துக்குச் சாதா ஆணி நிற்காது.

நிரப்புதல்

உள்பக்கச் சுவரில் மட்டும் தடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். அடியை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கும், அப்புறம் ஏடிஸ் கொசுதான். அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் களை எழாது. மேலே நல்ல தோட்ட மண் (தரையில் உள்ள களி அல்ல) மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு, தென்னைநார்த் தூள் ஒன்று.

சிறுகீரை விதையை மணலில் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. ஒரு மாதத்தில் பறிக்கலாம். அதற்குள் மண் நாலைந்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். அறுவடை முடிந்ததும் அந்த இடத்தை மக்கிய உரத்தால் நிரப்பிவிட்டு அடுத்த விதையைப் போடுங்கள்.