லோங் ஆனைத் திருகோணமலையிலிருந்து படிப்பது எப்படி?

உயர்தரத்தில் புவியியல் கற்கும் மாணவர்கள் வெளிநாட்டுப் பிரதேசம் ஒன்றைப் பற்றி எழுத உட்காரும்போது, பரப்பளவு, சனத்தொகை, பயிர்கள் என்று அட்டவணை நிரப்புவதிலேயே பாதித் தாளைச் செலவழித்துவிடுகிறார்கள். வியட்நாமின் ஹோ சி மின் நகருக்குத் தென்மேற்கே அதை ஒட்டிக் கிடக்கும் லோங் ஆன் பகுதியை எடுத்துக்கொண்டீர்களானால், முதலில் ஆறுகளை வரையுங்கள். எல்லைக்கோடுகள் பிறகு வரட்டும்.

எல்லைகள் அண்மையில்தான் மாறின. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் 63 மாகாண அலகுகள் 34 ஆகக் குறைக்கப்பட்டு, மாவட்டம் என்ற நிர்வாக மட்டமே நீக்கப்பட்டது. தனி மாகாணமாக இருந்த லோங் ஆன், பக்கத்து மாகாணமான தேய் நின்னுடன் இணைந்தது. புதிய மாகாணத்துக்குப் பெயர் தேய் நின், நிர்வாக மையமோ பழைய லோங் ஆனின் தலைநகரான தன் ஆன். பழைய பட்டியலை நம்பி அச்சடித்த வினாத்தாள் கட்டொன்றை நானே வகுப்பில் கிழித்துப்போட நேர்ந்தது. ஆகவே எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்தாலும், அது இணைப்புக்கு முந்தியதா பிந்தியதா என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். பழைய லோங் ஆன் ஏறத்தாழ 4,490 சதுர கிலோமீற்றர். நம் திருகோணமலை மாவட்டம் 2,727.

வெறுந்தாளில் கம்போடியப் பக்கத்திலிருந்து தென்கிழக்கு நோக்கி இரண்டு கோடுகள் இழுங்கள்: கிழக்கே வாம் கோ டோங், மேற்கே வாம் கோ தேய். இந்த இரண்டு ஆறுகளும் சேர்ந்து ஒன்றாகி, சோய் ராப் ஆற்றின் வழியாகக் கடலை அடைகின்றன. மேற்கு ஓரத்தில் விரிவது தொங் தாப் முவோய் என்னும் தாழ்நிலம். கந்தளாய்க் குளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்நிலம் விளங்கச் சற்று நேரம் எடுக்கும். நாம் நீரைத் தேக்கி வைத்துப் பயிர்செய்பவர்கள், அங்கோ நீரை வடிப்பதுதான் பெரும்பாடு. அந்த மண்ணில் கந்தகச் சேர்மங்கள் புதைந்திருப்பதால், அது காய்ந்து காற்றுப் பட்டதும் அமிலமாகிவிடுகிறது. வாய்க்கால் வெட்டி நன்னீரை உள்ளே விட்டு அமிலத்தைக் கழுவிய பிறகே, ட்ராம் என்னும் சதுப்புநில மரமும் நாணலும் மண்டிய இடங்கள் பல நெல்வயல்களாயின.

அடுத்து மழையைக் குறியுங்கள். மே முதல் நமக்குக் கச்சான் காற்றாக வந்து வயலையும் வாயையும் உலர்த்தும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, லோங் ஆனுக்கு மழைக்காலத்தைக் கொண்டுவருகிறது. நமக்குக் குறுக்கே மத்திய மலைநாடு மழையை மறித்து நிற்கிறது, அவர்களுக்கு அப்படியொரு மலை இல்லை. ஓகஸ்ட் தொடக்கம் நவம்பர் வரையில் மேக்கொங் வெள்ளமும் தாழ்நிலத்தில் ஏறிவிடும். கோடையில் இது தலைகீழாகி, கடல்நீர் ஆற்றுவழியே மேலேறி வயல்களை உவராக்கும். மூதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் உவர் ஏறிய வயலை எப்படி அடையாளம் காண்பார் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால் இப்பகுதி உயிர்பெறும்.

வாழ்க்கைமுறைக்கு ஒரேயொரு காட்சி போதும். சௌ தான் பகுதியில் கொங்கிரீட் தூண்களில் ஏறித் தொங்கும் டிராகன் பழச் செடிகளுக்கு இடையே இரவில் வரிசை வரிசையாக மின்குமிழ்கள் எரியும். பகல் நீண்டால்தான் பூக்கும் செடி என்பதால், பகல் குறுகிய மாதங்களில் சில வாரங்கள் தொடர்ந்து இரவில் வெளிச்சம் காட்டி அதை ஏமாற்றிப் பூக்க வைக்கிறார்கள். பருவம் தப்பிய பழத்துக்கு விலை கூடுதல். மின்கட்டணம் எவ்வளவு என்ற கேள்வியையும் கட்டுரையில் சேர்க்கலாம்.

கடைசியாக நகர விளிம்பு. பென் லுக், டுக் ஹோவா போன்ற இடங்களில் தொழிற்பேட்டைகள் வயல்களை விழுங்கி வருகின்றன. கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஏதேனுமொரு சதுரத்தைத் தெரிந்துகொண்டு, பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிடுங்கள். பச்சை எங்கே சாம்பல் நிறக் கூரையாயிற்று, எந்த வாய்க்கால் மறைந்தது என்பவற்றை, முதலில் ஆறுகள் வரைந்த அதே தாளில் சிவப்புப் பென்சிலால் அடையாளமிடுங்கள்.