மிடில் ஸ்கூல் தேடுறீங்களா? ரேட்டிங்குக்கு முன்னாடி மேத்ஸ் பிளேஸ்மென்ட் கேளுங்க

அமெரிக்காவுல பே ஏரியாவுக்கு (சான் பிரான்சிஸ்கோ சுத்துவட்டாரம்) பிள்ளைங்களோட புதுசா வர்றவங்களுக்கு இது. மேத்ஸ் பிளேஸ்மென்ட்னா, பிள்ளைய எந்த லெவல் கணக்கு கிளாஸ்ல போடுறாங்கங்கறதுதான். பப்ளிக் ஸ்கூல்ல டொனேஷனும் இல்ல, என்ட்ரன்ஸும் இல்ல, பெரும்பாலான ஊர்கள்ல வீட்டு அட்ரஸ் எந்த ஸ்கூலுக்கு வருதோ அதான். வாடகை அக்ரிமென்ட், கரண்ட் பில், பர்த் சர்டிஃபிகேட், தடுப்பூசி ரெக்கார்டு (7ஆம் கிளாஸ்னா டிடாப் ஊசி கட்டாயம்) கொண்டுபோனா வேலை முடிஞ்சுது.

அதனாலயே எல்லாரும் ஜில்லோ சைட்ல வீடு பாக்குறப்போ பக்கத்துல வர்ற கிரேட்ஸ்கூல்ஸ் நம்பர் (ஸ்கூலுக்கு பத்துக்கு இத்தனைன்னு போடுற ரேட்டிங்) 9, 10னு இருந்தா கண்ண மூடிட்டு லீஸ் போட்டுடுறாங்க. என் ஃப்ரெண்டும் அப்படித்தான். பத்து நிமிஷம் தள்ளி இதே மாதிரி வீடு மாசம் 600 டாலர் கம்மி, ஆனா ஸ்கூல் ரேட்டிங் 6னு வேணாம்னுட்டா. பொண்ணு சென்னையில ஆறாவது முடிச்சவ, கணக்குல கெட்டி. ஆகஸ்ட்ல சேர்க்கப் போனா சாதா மேத்ஸ் 7ல போட்டுட்டாங்க. அட்வான்ஸ்டு கிளாஸ் டெஸ்ட் மே மாசமே முடிஞ்சிருச்சாம், இனி அடுத்த வருஷம்தானாம். சென்னை நோட்டை எடுத்துட்டுப் போய் காட்டினா ஸ்கூல் கவுன்சிலர் திறந்துகூடப் பாக்கல. நினைச்சா இன்னும் எனக்கு வயிறு எரியுது. அந்தப் பொண்ணு விகித கணக்கு ஷீட்டை "இது போன வருஷமே போட்டாச்சும்மா"ன்னு பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கு.

அந்த ஒரு வருஷம் ஹைஸ்கூல் கடைசி வரைக்கும் இழுக்கும். 8ல அல்ஜீப்ரா 1 முடிச்சா 9ல ஜியோமெட்ரி, அப்புறம் அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், 12ல கால்குலஸ். 9லதான் அல்ஜீப்ரா ஆரம்பிச்சா பிரீகால்குலஸோட நின்னுடும், இல்லன்னா சம்மர்ல படிச்சு ஈடுகட்டணும்.

அப்போ அந்த 10 எதுக்கு? ஊர்ல ஸ்கூல் வாசல்ல டாப்பர் ஃபோட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வெப்பாங்களே, அந்த மாதிரிதான். ஏற்கெனவே படிக்கிற பசங்க, அதுலயும் கூமான், ரஷ்யன் மேத்ஸ்னு சாயங்காலம் டியூஷனுக்கு ஓடுற பசங்க வாங்கின மார்க்கும் அதுல சேர்ந்திருக்கு. ஸ்கூல் எப்படி சொல்லிக் குடுக்குதுன்னு தெரியணும்னா மாநில டெஸ்ட் காஸ்ப் ரிசல்ட்ல வசதி கம்மியான வீட்டுப் பசங்க எப்படி செய்யுறாங்கன்னு தனியா பாருங்க, சைட்ல பிரிச்சே போட்டிருக்கும்.

ஊருக்கு ஊர் ரூல் வேற. சான் பிரான்சிஸ்கோல 2014ல 8ஆம் கிளாஸ் அல்ஜீப்ராவையே எடுத்துட்டு, 2024லதான் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தாங்க. பிளேஸ்மென்ட் நியாயமா இருக்கணும், மொத மாசத்துலயே திரும்ப செக் பண்ணணும்னு 2015 கலிஃபோர்னியா சட்டம் சொல்றது 9ஆம் கிளாஸுக்குத்தான், மிடில் ஸ்கூல் பிள்ளைக்கு அது கைகொடுக்காது.

அதனால லீஸ்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு மெயில் போடுங்க: எந்த கிளாஸ்ல இருந்து கணக்கைப் பிரிக்கிறீங்க, டெஸ்ட் எப்போ, ஆகஸ்ட்ல வர்ற பிள்ளைக்கு தனியா வெப்பீங்களா. ஃபோன்ல வாய்ச்சொல்லா சொன்னா விடாதீங்க, எழுத்துல வாங்குங்க. "நாங்க பிரிக்கிறதே இல்ல"ன்னு சொன்னா, 8ல எல்லாருக்கும் அல்ஜீப்ரா 1 உண்டா இல்ல யாருக்குமே இல்லயான்னு அடுத்த மெயில்லயே கேட்டுடுங்க.