சூப்பர் ரெசல்யூஷன் ஸ்லாட்டை வீணாக்கும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் செல் பயாலஜி செய்யும் பிள்ளைகள் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பில் தெரியாத நுணுக்கத்தையும் காட்டும் ஸ்டெட், ஸ்டார்ம் மாதிரி சூப்பர் ரெசல்யூஷன் மைக்ரோஸ்கோப்புக்காக சென்னைக்கோ பெங்களூருவுக்கோ சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஸ்லாட் கிடைப்பதே பெரும்பாடு, கட்டணமோ மணிக்கு இவ்வளவு என்று. லேசரை மாற்றிப் போட்டது, ஃபில்டரை மறந்தது எல்லாம் இங்கே வேண்டாம். ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்று திருத்திவிடுவார். அவரால் திருத்த முடியாதவை பெரும்பாலும் ஊரிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன.

ஃபிக்சேஷனை அலட்சியம் செய்வது

ஃபிக்சேஷன் என்றால் செல்லை உள்ளபடியே உறைய வைப்பது. எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். 1873-ல் எர்ன்ஸ்ட் ஆபே சொன்ன எல்லைப்படி, சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-ல் வேதியியல் நோபல் கிடைத்தது அந்த எல்லையைத் தாண்டியதற்காக. இன்று 20 நானோமீட்டர் வரை பார்க்கிறோம். அதுவரை மங்கலுக்குள் ஒளிந்திருந்த நம் கைவேலைக் கோளாறும் கூடவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஒரு மாணவி மைக்ரோடியூபூல் (செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்) படத்தோடு வந்தாள். எல்லாம் துண்டு துண்டு. மருந்தின் விளைவு என்று ஸ்லைடில் தலைப்பே போட்டுவிட்டாள். மருந்து போடாத கன்ட்ரோலைக் காட்டச் சொன்னேன். அதுவும் நொறுங்கித்தான் கிடந்தது.

"செல்லை எதுல கழுவுனம்மா?"

"பிபிஎஸ் உப்புக் கரைசல்லதான் சார். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்பிடியே..."

குளிர் பட்டால் மைக்ரோடியூபூல் கலையும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கழுவும் கரைசலும் ஃபிக்ஸ் செய்யும் கரைசலும் 37 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாதம் நம் ஊர் வராந்தாவில் வைத்தாலே அந்தச் சூடு வந்துவிடும், அதற்கும் ஃப்ரிட்ஜைத்தான் திறக்கிறார்கள்!

அடுத்தது பாட்டில். ஃபிக்ஸ் செய்யப் போன வருஷம் கரைத்த பாராஃபார்மால்டிஹைடை இன்னும் வைத்திருக்கும் லேப் உண்டு. மெத்தனால் கலக்காத ஆம்பூலை அன்றன்று உடைத்துப் பயன்படுத்துங்கள். மைக்ரோடியூபூலுக்கு குளுட்டரால்டிஹைடு சேர்த்தால் அமைப்பு நன்றாக நிற்கும். ஆனால் அது தானே ஒளிரும், பிறகு சோடியம் போரோஹைட்ரைடில் கழுவியாக வேண்டும்.

இதிலும் மோசம் செல் சவ்வுப் புரதங்கள். வெறும் பாராஃபார்மால்டிஹைடில் பல புரதங்கள் முழுதாக உறைவதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கும். புரதத்தைப் பிடித்து அடையாளம் காட்டும் ஆன்டிபாடிக்கு இரண்டு கை. அது இரண்டு புரதங்களைப் பிடித்து ஓரிடத்தில் சேர்த்துவிடும். படத்தில் அழகான கொத்துகள் தெரியும். அதை வைத்துக் கட்டுரை எழுத உட்கார்ந்தவர்களும் உண்டு.

சென்னைக்குப் பல்லவன் ரயிலில் ஏறுவதற்கு முன் அதே தட்டில் ஒரு கவர்ஸ்லிப்பை (செல் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி) உங்கள் லேபின் சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பிலேயே பாருங்கள். நூல் போல ஓடிக்கொண்டிருந்த மைட்டோகாண்ட்ரியா ஃபிக்ஸ் செய்தபின் மணி மணியாக உடைந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், டிக்கெட்டைக் கேன்சல் செய்தாலும் நஷ்டம் குறைவுதான்.

கவர்ஸ்லிப்

நம்பர் 1.5, அதாவது 0.17 மில்லிமீட்டர் தடிமன்தான் வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். இல்லை.

லேபிள் போதாமை

20 நானோமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 நானோமீட்டருக்கு ஒரு சாயமாவது இருக்க வேண்டும். முற்றம் முழுக்க ஆங்காங்கே நாலு ஆத்தங்குடிக் கல்லை மட்டும் பதித்துவிட்டுப் பூ டிசைன் தெரியவில்லை என்றால் எப்படி? இலக்கைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியும் அதன்மேல் சாயத்தோடு ஒட்டும் இரண்டாவதும் சேர்ந்து சாயத்தை இலக்கிலிருந்து பத்து, இருபது நானோமீட்டர் தள்ளி நிறுத்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முடிந்தால் நானோபாடி, அதாவது மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டு.

முந்தின நாளே பஃபர் கலக்குவது

ஸ்டார்முக்கான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கலவை நிற்க நிற்க அமிலமாகும், சாயம் சரியாகச் சிமிட்டாது (ஸ்டார்மில் அந்தச் சிமிட்டல்களைக் கொண்டுதான் புள்ளி புள்ளியாகப் படம் கிடைக்கிறது). பொருள்களைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே கலக்குங்கள்.

ஏசிக்கு நேரே சாம்பிள் வைக்கும் ஸ்டேஜ்

பல்லாயிரம் ஃப்ரேம் எடுப்பதற்குள் சாம்பிள் நகர்ந்துவிடும். தங்க நானோ துகளோ ஒளிரும் மணியோ போட்டு நகர்வைத் திருத்துங்கள்.

ஒரே சாயத்தைப் பலமுறை எண்ணுவது

ஒரு மூலக்கூறு பலமுறை சிமிட்டும். சாஃப்ட்வேர் அத்தனையையும் தனித்தனிப் புள்ளியாகக் குறிக்கும். கொத்து என்று சொல்லும் முன், கண்ணாடியில் மிகக் குறைவாகத் தூவிய சாயத்தை அதே செட்டிங்கில் எடுத்து ஒப்பிடுங்கள்.

சிம் படத்தில் தேன்கூடு

சிம் என்பது வரி வரியான ஒளியில் பல படம் எடுத்துக் கணக்கீட்டில் ஒன்றாக்கும் முறை. அதில் தேன்கூடு தெரிந்தால் அது செல் அல்ல. கணக்கீட்டில் வந்த கோளாறு. இதைச் சரிபார்க்க மூலப் படங்கள் வேண்டும். அவை பல ஜிபி வரும், பென்டிரைவை நம்பாமல் ஹார்ட் டிஸ்க் எடுத்துப் போங்கள்.