நடுகல்லில் மானத்தைப் படிக்கும் முறை

நடுகல் என்பது சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட கல். செங்கம், தருமபுரிப் பக்கத்து பழைய நடுகற்கள் பலவும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ளவை. உச்சி வெயிலில் ஓர் எழுத்தும் பிடிபடாது. காலை எட்டு மணிக்குள் போங்கள், சாய்வெயிலில் வெட்டுகளுக்குள் நிழல் விழும். மரநிழலில் நிற்கும் கல்லென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்ட வேண்டாம். ஊரார் கும்பிடும் கல் அது. சாக்பீஸால் எழுத்தின்மேல் வரையவும் கூடாது. எது வெட்டு, எது உங்கள் கோடு என்பது பிறகு குழம்பிவிடும்.

முதலில் 'பட்டான்' என்ற சொல்லைத் தேடுங்கள். இறந்தான் என்று பொருள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லையே பாருங்கள். முதலில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு வருகிறது. அடுத்து வாணகோ அரைசர் என்ற தலைவர், அவரையடுத்துப் பொற்றொக்கையார். அதன் பிறகுதான் அவருடைய 'இளமகன்' கருந்தேவகத்தி, எருமைகளைக் காக்கப்போய்ப் பட்டவன். இன்று ஒருவர் இறந்தால் அவர் பெயரும் படமும்தான் முன்னால் நிற்கும். அன்று ஒருவன் யாருடைய ஆள் என்பதில்தான் அவன் மதிப்பு தொடங்கியது. அதே கல்லில் அவனருகே ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். விட்டு ஓடாமல் நின்றால் நாய்க்கும் அந்தப் பெருமை உண்டு.

பலர் சறுக்கும் இடம் 'தொறு'. மாட்டு மந்தை என்று பொருள். அதை மீட்கப்போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, கவரப்போய் இறந்தவனுக்கும் உண்டு. எந்தப் பக்கம் நியாயம் என்று கல் சொல்வதில்லை. நம் காலத்து நியாயத்தை அதன்மேல் ஏற்றி ஒருவனைக் காவலன், மற்றவனைத் திருடன் என்று பிரித்தால் பாதிக் கற்கள் புரியாமலே போகும். 'தொறு'வை ஒட்டி வரும் வினையைப் பாருங்கள்: 'மீட்டு' என்றால் மீட்கப் போனவன், 'கொண்ட' என்றால் மந்தை கவரப்பட்டதைச் சொல்கிறது; பட்டவன் எந்தப் பக்கம் என்பதை அந்தச் சொல் மட்டும் சொல்லாது.

இன்றைய பொருளில் வாசித்து ஏமாறும் சொற்களும் உண்டு. 'சேவகன்' வேலைக்காரன் அல்ல, போர்வீரன். 'இளமகன்' வயதில் இளைய மகன் அல்ல, படையாள். எடுத்தனூர்க் கல்லின் 'கள்ளன்' திருட வந்தவன், அவ்வளவுதான். அதில் சாதியைத் தேடாதீர்கள்.

படியெடுக்கும்போது வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறித்து எழுதுங்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. நீங்களாகச் சேர்க்கும் புள்ளியை வேறு நிற மையில் வையுங்கள்.