பீர் ஃபிரிட்ஜுக்குள் காற்று சுற்ற

சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் பீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. சாம்பார் பாத்திரம் அதற்குள் நுழையக்கூடாது என்பது எனக்கும் மனைவிக்கும் உள்ள ஒப்பந்தம். தீபாவளிக்கு முதல் நாள் திறந்தால், பின்சுவரை ஒட்டிய போத்தல் ஒன்று உறைந்து வெடித்திருந்தது. கதவோரத்து டின்களோ வெதுவெதுவென்று இருந்தன.

தவறு என்னுடையது. குளிர்த்தகடு பின்சுவரில் இருக்கிறது. விசிறி இல்லாத ஃபிரிட்ஜில் குளிர்ந்த காற்று கனத்துத் தானாகக் கீழே இறங்க வேண்டும். நான் செங்கல் போல அடுக்கி வழியை அடைத்துவிட்டேன்.

முதலில் போத்தல்களுக்கும் ஃபிரிட்ஜின் உள்பக்கப் பின்சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அட்டைப்பெட்டியோடு உள்ளே தள்ளாதீர்கள்.

அடுத்து, பழைய கணினியின் 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் விசிறியை அடித்தட்டில் படுக்க வைத்து, மேல்நோக்கி ஊதவிடுங்கள். அடியில் காற்று நுழைய நான்கு போத்தல் மூடிகளை முட்டுக் கொடுத்தேன். பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் போதும். அது வெளியிலேயே இருக்கட்டும். மெல்லிய வயரைக் கீல் பக்க ரப்பர் வழியாக விடுங்கள். அந்த இடத்தில் ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எளிதில் உருவி வந்தால் குளிர் கசிகிறது. துளை மட்டும் போடவே போடாதீர்கள். ஃபிரிட்ஜின் சுவருக்குள் குளிரூட்டும் வாயுக்குழாய் ஓடலாம்.

மேலும் கீழும் ஒரு தம்ளர் தண்ணீரில் வெப்பமானியை வைத்து, மறுநாள் பாருங்கள். எனக்கு 6 டிகிரியாக இருந்த வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது.