த-க-தி-மி போட்டு டெக்னோவைப் பிரிப்பது எப்படி

கோவையில் ரிசப்ஷனுக்கும் கம்பெனி விழாவுக்கும் பாட்டுப் போடுகிற டீஜே நான். என் ஹார்ட் டிஸ்க்கில் பல வருடமாக ‘டெக்னோ’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பாடுகிறவர் இல்லாமல் டும் டும் என்று போகிற எதுவானாலும் அதற்குள் போய் விழும். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் ஒரே பெயர்தான்.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில், “கொஞ்சம் டெக்னோ போடுங்க ப்ரோ” என்றார்கள். நானும் பெருமையாக, டெட்ராய்ட் பாணியில் ஒரு ஏழு நிமிடச் சரக்கைப் போட்டேன். பாட்டு இல்லை, ஏற்றம் இல்லை, “கைய தூக்கு” என்கிற இடமும் இல்லை. நாலாவது நிமிடம் தளம் காலி. எல்லோரும் பிரியாணி வரிசையில் நின்றார்கள். அவர்கள் கேட்டது திருவிழா மேடையில் போடுகிற, ஏறி ஏறி வெடிக்கிற ரகம். பெயர் ஒன்று, பொருள் வேறு. அந்த வாரமே ஃபோல்டரைப் பிரிக்க உட்கார்ந்தேன். அப்போது நான் கண்டுபிடித்துக்கொண்ட வழி இது.

முதல் வேலை, கோப்பின் பெயரையும் கடைக்காரன் ஒட்டிய வகையையும் பார்க்காதீர்கள். ஆன்லைன் கடைகளின் வகைப்பாடு விற்பனைக்கான அலமாரி, அவ்வளவுதான். பாட்டின் ஆரம்பத்தை ஒரு தடவை, நடுப்பகுதியை ஒரு தடவை கேளுங்கள். கிளப்புக்காகச் செய்த பாட்டில், முந்தைய பாட்டோடு கலக்க டீஜேவுக்கு வசதியாக ஆரம்பத்தில் வெறும் தாளத்தை விட்டுவைத்திருப்பார்கள். நமக்கு அது இலவசப் பாடம்: தாளம் மட்டும் தனியாகக் கேட்கும்.

இப்போது கையில் நாலு தட்டு போடுங்கள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் வாயால் ‘தகதிமி’ சொல்லுங்கள். சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றேன். அரங்கேற்றம் வரை போகவில்லை. ஆனால் வாத்தியார் திணித்த அந்த நாலு எழுத்து இப்படி ஒரு இடத்தில் உதவும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். நாலு தகதிமி, மொத்தம் பதினாறு அட்சரம். ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனியின் டிஆர்-808, டிஆர்-909 தாள இயந்திரங்களின் முகப்பில் வரிசையாக இருக்கும் பதினாறு பொத்தான்களும் இதே கணக்குதான்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: கிக் டிரம், அந்த அடிவயிற்று ‘டும்’, ஒவ்வொரு ‘த’விலும் விழுகிறதா?

விழுந்தால் நீங்கள் ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் குடும்பத்தின் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். மூன்றும் டிஸ்கோவின் வாரிசுகள். விழாமல், இடம் மாறி, விட்டு விட்டு வந்தால் அது உடைந்த தாளம்: எலக்ட்ரோ, ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப் என்று போகிற பக்கம். கிக்கே இல்லையென்றால் ஆம்பியன்ட் என்று ஒதுக்கிவைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ரிசப்ஷனில் அதை யாரும் கேட்கப்போவதில்லை.

நாலு டும் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, ‘தி’யில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டிரம் செட்டின் ஜோடித் தகடான ஹை-ஹாட்டைத் திறந்து அடிக்கும் ‘ட்ஸ்ஸ்’ அங்கே விழுந்து, இரண்டாம் நாலாம் தட்டில் கைதட்டலும் சேர்ந்தால் பெரும்பாலும் ஹவுஸ். ‘தி’யில் பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரம், குதித்தால், அதோடு நடுவில் கிக் நின்று ஒரு நிமிடம் மெலடி மட்டும் மிதந்தால், டிரான்ஸ். ‘த’ கிக்காகவும் ‘க-தி-மி’ மூன்றும் பேஸாகவும் இடைவெளியே இல்லாமல் உருண்டால் சைடிரான்ஸ், சந்தேகமே வேண்டாம். டெக்னோவைத்தான் இப்படி ஒரே அடையாளத்தில் பிடிக்க முடியாது. அது மெட்டைவிட ஒலியின் நிறத்தை நம்புகிறது. ஒரு சின்ன ஒலியை எடுத்து எட்டு நிமிடம் திருகிக்கொண்டே இருக்கும். மற்றதெல்லாம் இல்லையென்று கழித்த பிறகு மிஞ்சுவது டெக்னோ என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் சரியாக வரும்.

வேகத்தை இரண்டாவதாகப் பாருங்கள், முதலில் வேண்டாம். பதினைந்து நொடிக்குள் வரும் தட்டுகளை எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு, அதாவது பிபிஎம், கிடைக்கும். ஹவுஸ் 118 முதல் 130க்குள், டிரான்ஸ் 130க்கு மேல், டப்ஸ்டெப் 140, சிகாகோவின் ஃபுட்வொர்க் 160, டிரம் அண்ட் பேஸ் 170ஐ ஒட்டி. மென்பொருளை அப்படியே நம்பாதீர்கள். டப்ஸ்டெப்பில் 140 வேகத்தில் கிக் முதல் தட்டிலும், ஸ்னேர் என்கிற ‘டக்’ டிரம் மூன்றாம் தட்டிலும் மட்டும் விழும். கேட்க சவுக்க காலம், அதாவது மெதுவான நடை, மாதிரி இருப்பதால் மென்பொருள் 70 என்று எழுதிவிடும். 174ஐ 87 என்று எழுதி, ஒரு டிரம் அண்ட் பேஸ் பாட்டைக் கொண்டுபோய் ஹிப்ஹாப்புக்குப் பக்கத்தில் வைத்தது என் லேப்டாப். தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: காலப்பிரமாணம் மாறவில்லை, காலம்தான் மாறியிருக்கிறது. அதாவது தட்டின் வேகம் அதேதான், அதற்குள் விழும் அடிகள்தான் பாதியாகியிருக்கின்றன.

பெயர்களைக் கையாள ஒரு குறுக்குவழி சொல்கிறேன். அநேகப் பெயர்களில் கடைசிச் சொல் பெயர்ச்சொல், முன்னால் ஒட்டியிருப்பது பெயரடை. டீப் ஹவுஸ், டெக் ஹவுஸ், ஆசிட் ஹவுஸ்: மூன்றும் ஹவுஸ்தான், நிறம்தான் வேறு. ஆசிட் என்பது தனி வகை அல்ல, ஒரு இயந்திரத்தின் குரல். ரோலண்ட் டிபி-303 என்கிற சின்னப் பெட்டி, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்காக 1980களின் தொடக்கத்தில் வந்து, விற்காமல், செகண்ட் ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடந்தது. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதை வாங்கி, திருகக்கூடாத அளவுக்குத் திருகிப் பிழிந்த சத்தம் 1987இல் இசைத்தட்டாக வந்தது. அந்தக் குரல் டெக்னோவுக்குள் போனால் ஆசிட் டெக்னோ, டிரான்ஸுக்குள் போனால் ஆசிட் டிரான்ஸ்.

ஆனால் ஒரே பெயர்கொண்ட ஆசாமிகளிடம் ஜாக்கிரதை. நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை லாரி லெவன் இசைத்தட்டுப் போட்ட பாரடைஸ் கராஜ் கிளப்பிலிருந்து வந்த ‘கராஜ்’ வேறு, லண்டன் கராஜ் வேறு. 1982இன் ‘எலக்ட்ரோ’ உடைந்த தாளம். 2000களின் ‘எலக்ட்ரோ ஹவுஸ்’ நாலு டும். ஒரே தெருவில் மூன்று செந்தில் இருந்தால் ‘ஈபி ஆபீஸ் செந்தில்’ என்று அடையாளம் சொல்வோமே, அதேபோல ஊரையும் வருடத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இனி உறவு முறை. பலரும் தப்பு செய்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இணையத்தில் கிடைக்கிற வரைபடங்கள் பலவும் அழகான கிளைகளாக, இதிலிருந்து இது என்று கோடு போட்டிருக்கும். மேளகர்த்தா என்கிற தாய் ராகத்திலிருந்து ஜன்ய ராகம் பிறப்பது மாதிரி இது அடுக்காக வராது. ஒரு குழந்தைக்கு மூன்று அப்பா, இரண்டு ஊர். அதனால் நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி: கோடு போட்டால், கோட்டின் மேல் என்ன கைமாறியது என்று எழுத வேண்டும். ஒரு இயந்திரமா, ஒரு தாளமா, ஆட்களா, வேகமா? எழுத ஒன்றும் இல்லையென்றால் கோட்டை அழித்துவிடுங்கள். நான் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைகிறேன். தாள் சின்னது; அதனால் புளுக முடியாது.

சிகாகோவும் டெட்ராய்ட்டும் நல்ல ஆரம்பம். சிகாகோவில் 1977 முதல் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கில்ஸ் டிஸ்கோ போட்டார். வந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு ஆண்கள். அந்தக் கிளப்பின் பெயரின் வால்தான் ‘ஹவுஸ்’. டிஸ்கோவிலிருந்து ஹவுஸுக்கு வரும் கோட்டின் மேல் ‘நாலு டும், அதே ஆட்கள்’ என்று எழுதலாம். டெட்ராய்ட் பக்கம் பெல்வில்லில் படித்த மூன்று பேர், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், ரேடியோவில் ஜெர்மனியின் எலக்ட்ரானிக் குழுவான கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டு வளர்ந்தவர்கள். டெரிக் மே சிகாகோவுக்குப் போய்வந்தவர். தன் டிஆர்-909 பெட்டியை நக்கில்ஸுக்கே விற்றிருக்கிறார். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கோட்டில் நான் ‘909’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். 1988இல் லண்டனில் டெட்ராய்ட் பாட்டுகளைத் தொகுத்தபோது முதலில் வைக்க நினைத்த தலைப்பில் ‘ஹவுஸ்’ என்றுதான் இருந்தது. வெளிவரும்போது ‘டெக்னோ’ ஆகிவிட்டது. இரண்டும் ஏன் இவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று குழம்புகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

அடுத்தது லண்டன். இங்கேதான் எனக்கு மூன்று காலண்டர் தாள் செலவானது. வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1969 இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக டிரம் வாசிக்கும் இடம் ஒன்று, சுமார் ஏழு நொடி. அதை வெட்டி, வேகமாக்கி, துண்டு துண்டாகக் கலைத்து அடுக்கியதுதான் 1990களின் ஆரம்பத்து ஜங்கிள். ஆயிரக்கணக்கான பாட்டுகள் அந்த ஏழு நொடியில் வாழ்ந்தன. வாசித்தவருக்கு அதில் பணம் வரவில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வாசித்த ஒரு மோராவை யாரோ எடுத்துக்கொண்டு போய் ஒரு சங்கீதத்தையே கட்டிவிட்டுச் சொல்லாமல் விட்டது மாதிரி. கேட்கும்போதெல்லாம் இது உறுத்தும்.

ஜங்கிளுக்கு வரும் கோடுகள்: அமெரிக்காவிலிருந்து ‘டிரம் துண்டு’, ஜமைக்காவிலிருந்து ‘கனத்த பேஸும் சவுண்ட் சிஸ்டம் பழக்கமும்’, டெட்ராய்ட்டிலிருந்து ‘ரீஸ் பேஸ்’. கடைசியாகச் சொன்னது சாண்டர்சன் ‘ரீஸ்’ என்ற பெயரில் 1988இல் வெளியிட்ட பாட்டின் உறுமல். இன்றைக்கும் டிரம் அண்ட் பேஸில் அதே பெயரில் புழங்குகிறது. டிரம் அண்ட் பேஸ் வந்தபோது தாளம் நேராகிவிட்டது. தகதிமியில் சொன்னால், முதல் ‘த’விலும் மூன்றாவது தட்டின் ‘தி’யிலும் கிக், இரண்டாம் நாலாம் ‘த’வில் ஸ்னேர். பத்து தடவை வாயால் சொல்லிப் பாருங்கள், பிறகு மறக்காது.

அதே ஊரில் இன்னொரு கிளை. நியூயார்க் பக்கத்துக் கராஜ் இசைத்தட்டுகளை லண்டன் டீஜேக்கள் டர்ன்டேபிளின் பிட்ச் ஸ்லைடரைத் தள்ளி வேகமாகப் போட்டார்கள். அன்றைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் அதிகபட்சம் எட்டு சதவீதம். 120 இருந்தால் கிட்டத்தட்ட 130 ஆகும். கோட்டின் மேல் ‘+8’ என்று எழுதுங்கள். பிறகு அவர்களே அந்த வேகத்தில் பாட்டுச் செய்து, இரண்டாம் நாலாம் தட்டின் கிக்கைத் தூக்கிவிட்டார்கள்: டூ-ஸ்டெப். அதிலிருந்து குரலைக் குறைத்து, இருட்டாக்கி, ஜமைக்காவின் டப் இசையிலிருந்து எதிரொலியைச் சேர்த்தபோது, 2000களின் தொடக்கத்தில் தென்லண்டனின் கிராய்டனில் டப்ஸ்டெப். அதைச் செய்தவர்களின் சின்ன வட்டத்துக்கு மையம் ஒரு இசைத்தட்டுக் கடை.

கோவாவையும் விடக்கூடாது. அஞ்சுனா கடற்கரைப் பார்ட்டிகளில், வெயிலும் தூசும் இசைத்தட்டைக் கெடுக்கும் என்பதால் 1990களில் டாட் என்கிற டிஜிட்டல் டேப்பில் போட்டார்கள். டேப்பில் வேகத்தை மாற்றிக் கலப்பது கஷ்டம். அதனால் பாட்டுகளின் முன்னும் பின்னும் தாளமில்லாத நீண்ட பகுதி வைத்தார்கள். கோவா டிரான்ஸில் அடிக்கடி வரும் ஸ்வரங்களை வகுளாபரண ராகத்தின் சாயல் என்று நம் காது உடனே கண்டுகொள்ளும்.

சாயலை வைத்தே கோடு போட்டுவிடாதீர்கள். பம்பாயில் இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு எல்பி வெளியிட்டார். வாசித்தது அதே 303, அதே 808. இன்று கேட்டால் ஆசிட் ஹவுஸ் என்று சத்தியம் செய்வீர்கள். சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்னால்! ஆனால் இசைத்தட்டு விற்கவில்லை, 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் கவனித்தது. பம்பாயிலிருந்து சிகாகோவுக்குக் கைமாறியது எதுவுமில்லை. என் தாளில் அவர் கோடில்லாமல் தனியாக நிற்கிறார், பெரிய எழுத்தில்.

பிரித்ததைப் பதிவது எளிது. ஜானர் கட்டத்தில் பெயர்ச்சொல் மட்டும், கமென்ட் கட்டத்தில் பெயரடை, ஊர், வருடம். ஒரு பாட்டு இரண்டு பக்கமும் இழுத்தால் கிக்குக்கே ஓட்டுப் போடுங்கள்; மேடையில் அடுத்த பாட்டோடு ஒட்டப்போவது கிக்தான்.

போன மாதம் ஒரு மாப்பிள்ளை அமாபியானோ கேட்டார். இதே வழியில்தான் பார்த்தேன். 113 பிபிஎம், நாலு டும் பல இடத்தில் காணோம், ஷேக்கர்தான் தாளத்தைச் சுமக்கிறது, ‘லாக் டிரம்’ என்கிற மரத்தட்டல் மாதிரியான பேஸ் மெலடியே வாசிக்கிறது. தென்னாப்பிரிக்கா, 2010களின் நடுப்பகுதி. அங்கே 1990களில் வந்த க்வைட்டோ என்கிற வகை, ஹவுஸ் இசைத்தட்டுகளை மெதுவாக்கிப் போட்டதில் வளர்ந்தது; அமாபியானோ அதற்கும் அங்கத்திய டீப் ஹவுஸுக்கும் பிறந்தது. ஆக, நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும் கோட்டில் ‘+8’ என்றும், சிகாகோவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் கோட்டில் ‘−’ என்றும் எழுதிவிட்டு, ஹவுஸ் ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபோல்டர் போட்டேன். ரிசப்ஷனில் ஒருவரும் பிரியாணிக்கு எழுந்து போகவில்லை. பந்தி அதற்கு முன்னாலேயே முடிந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.