ஜாதகத்தில் இஷ்ட தெய்வம் பார்ப்பது எப்படி?

குலதெய்வம் குடும்ப வழியாக வருவது, அதற்குக் கட்டம் தேவையில்லை. ஆனால் "என் மனசுக்கு நெருக்கமான சாமி எது?" என்று தேடுபவர்களுக்கு ஜைமினி முனிவர் பெயரில் வழங்கும் ஜோதிட முறையில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஜாதக நோட்டே போதும்.

முதலில் கிரக ஸ்புடம் அட்டவணையை, அதாவது ஒவ்வொரு கிரகமும் எத்தனை பாகையில் நிற்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்களில், தான் நிற்கும் ராசிக்குள் அதிக பாகை கடந்தது எதுவோ அதுதான் ஆத்மகாரகன். சில நோட்டுகளில் 247 பாகை என்பதுபோல மேஷத்திலிருந்து மொத்தமாகப் போட்டிருப்பார்கள். அதை 30ஆல் வகுத்து மீதியை (இங்கே 7) எடுத்துக்கொள்ளுங்கள். ராகுவையும் சேர்த்து எட்டாகக் கணக்கிடுவோரும் உண்டு.

அப்புறம் நவாம்சக் கட்டத்துக்கு (ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம்) வாருங்கள். அங்கே ஆத்மகாரகன் நிற்கும் ராசிக்கு 12ஆம் இடம், அதாவது அதற்கு முந்தைய ராசி, அதுதான் இஷ்ட தெய்வத்தின் இடம். அங்கே இருக்கும் கிரகத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் அந்த ராசியின் அதிபதியான கிரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் என்றால் சிவன், சந்திரன் என்றால் அம்பாள், செவ்வாய்க்கு முருகன், புதனுக்கு விஷ்ணு, சுக்கிரனுக்கு மகாலட்சுமி, ராகுவுக்கு துர்க்கை. குருவுக்கு நம் ஊர் வழக்கில் தட்சிணாமூர்த்தி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், லக்னம் தேவையில்லை என்பது. பிறந்த நேரம் சில நிமிடம் முன்பின் இருந்தாலும் பெரும்பாலும் விடை மாறாது. சந்திரன் ஆத்மகாரகனாக வந்தாலோ, இரண்டு கிரகங்கள் ஒரே பாகையில் நெருங்கி நின்றாலோ மட்டும் நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.